முட்டை மிதந்தால் என்ன அர்த்தம்?

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வரும் படம் அது. வேளாண் கல்லூரி மாணவிகள் நான்கைந்து பேர் ஒரு பிளாஸ்டிக் வாளியைச் சுற்றி நிற்பார்கள். வாளியில் ஒரு கோழிமுட்டை மிதக்கும். பக்கத்தில் தோளில் துண்டு போட்ட விவசாயிகள் இருவர். ‘உப்புக் கரைசலில் விதைத் தேர்வு: மாணவிகள் செயல்விளக்கம்’ என்று தலைப்பு. இளநிலை வேளாண் படிப்பின் இறுதியாண்டில், கிராமத்தில் தங்கிக் கற்கும் பயிற்சியில் இதுவும் உண்டு. செய்தி அத்தோடு முடிந்துவிடும். முட்டை எதற்கு, உப்பு எதற்கு என்பது வாளியிலேயே தங்கிவிடும்.

விதைநெல்லை வெறும் தண்ணீரில் கொட்டினால் பதர் மட்டும்தான் மிதக்கும். அரைகுறையாகப் பால்பிடித்த நெல் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால், நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் இலைகள் வந்து தாமே உணவு தயாரிக்கும் வரை, நாற்று உயிர் வாழ்வது விதைக்குள் இருக்கும் மாவுச்சத்தில்தான். ஆகவே அரைகுறை நெல் முளைத்தாலும் நோஞ்சான் நாற்றுதான் வரும். அதையும் பிரித்தெடுக்கத் தண்ணீரின் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். அந்த வேலையை உப்பு செய்கிறது. 10 லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கல்லுப்பு பிடிக்கும்.

முட்டைதான் இங்கே அளவுகோல். புது முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும். உப்பு கரையக் கரைய மேலே வந்து, பழைய 25 காசு அகலத்துக்குத் தலை காட்டினால் கரைசல் தயார். முட்டை நாள்பட்டதாக இருக்கக் கூடாது. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெருத்துவிடுவதால், பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்து நம்மை ஏமாற்றும். அடியில் தங்கிய விதையை உடனே இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்பில் போட்ட மாவடு நீர்விட்டுச் சுருங்குவது ஏனோ, அதே காரணத்தால் உப்பு ஒட்டிய விதையும் நீரை உறிஞ்ச முடியாமல் திணறும்.

அடர்த்தி, மிதப்பு விதி, சவ்வூடு பரவல், விதை முளைத்தல் என்று பாடப்புத்தகத்தில் நான்கு மூலைகளில் கிடப்பவை ஒரே வாளியில் அடங்கிவிட்டன. உப்புநீரில் விதை பிரிக்கும் இந்த முறையை 1880களில் ஜப்பானில் வகுத்துப் பரப்பிய யோகோய் தோகியோஷி, ஃபுகுவோகாவில் ஒரு வேளாண் பள்ளி ஆசிரியர்.

நம் பள்ளிகளிலும் வேளாண்மை இல்லாமல் இல்லை. பயிர் வளர்ப்பு நடுநிலை வகுப்புகளின் அறிவியலிலேயே வருகிறது. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் தனிப்பாடம். பல பள்ளிகளில் காய்கறித் தோட்டமும் போட்டிருக்கிறார்கள். ஆனால் விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, பறித்துச் சத்துணவுக் கூடத்தில் கொடுப்பது என்பதோடு நின்றால் அது நல்ல தோட்ட வேலை, அவ்வளவுதான். ஒரு பாத்திக்கு எரு போட்டு, பக்கத்துப் பாத்திக்குப் போடாமல் விட்டு, வாரம் ஒருமுறை அளந்து எழுதினால்தான் அறிவியல் தொடங்கும். போடாத பாத்தி சவலையாக நிற்பதைப் பார்க்கும் தலைமை ஆசிரியருக்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்!

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவியும் தேவையில்லை. நெல்லுக்கு யூரியா போடும் நேரத்தைச் சொல்ல இலை வண்ண அட்டை என்ற ஒன்று இருக்கிறது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் போட்ட பிளாஸ்டிக் அட்டை. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையின் மேல் வைத்து, வெயில் படாமல் நம் நிழலில் ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறு, குறித்த எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் தழைச்சத்து போடலாம். அந்த எண் வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. பச்சையத்தின் மூலக்கூறில் நைட்ரஜன் இருக்கிறது. அது குறைந்தால் பச்சை வெளிறும் என்பதுதான் அடிப்படை. பத்து இலையை ஏன் பார்க்க வேண்டும், ஒன்று போதாதா என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால் அன்றைய கணக்கு வகுப்புக்குப் புள்ளியியல் கிடைத்துவிடும்.

அரிசி சமையலறைக்கு வந்த பிறகும் பாடம் தொடர்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் ஓரளவு அரிசிக்குள் இறங்கிவிடும். அதனால் புழுங்கலரிசியைத் தீட்டினாலும் அந்தச் சத்து முழுதாகப் போவதில்லை. 1890களில் ஜாவாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுந்ததை ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் கவனித்ததிலிருந்து தொடங்கிய கதை இது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனையும் செய்து காட்ட இடையூறாக இருப்பது பாடத்திட்டத்தைவிட நாட்காட்டிதான். டெல்டாவில் குறுவை அறுவடை காலாண்டுத் தேர்வோடு மோதும். சம்பா பூக்கும் சமயத்தில் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் வந்துவிடும். கீரை ஒரு மாதத்தில் வரும் என்பதால் பள்ளித் தோட்டங்கள் கீரையிலேயே நின்றுவிடுகின்றன.

என்னைக் கேட்டால் உளுந்தைத்தான் சொல்வேன். பொங்கல் விடுமுறை முடிந்து விதைத்தால் முப்பத்தைந்து, நாற்பது நாளில் பூத்துவிடும். அப்போது மண்ணை நனைத்து, வேர் அறாமல் ஒரு செடியைப் பிடுங்கினால் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்கார நிறமி அது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. அதற்கு உதவும் நொதியோ ஆக்ஸிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆக்ஸிஜனை அளவாகக் கட்டிவைப்பதுதான் அந்தச் சிவப்பின் வேலை. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு நைட்ரஜன் பிடிக்கவில்லை என்று பொருள். காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் முடிச்சுகள் சுருங்கிப் பழுப்பாகி, பார்க்க ஒன்றும் இருக்காது. ஆகையால் பத்துச் செடியையாவது பூவோடு பிடுங்கிவிட வேண்டும். மீதியை ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது அறுத்துக்கொள்ளலாம்.