பிராசசர் மாற்றிய பின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்...

மளிகைக் கடையாகட்டும், மொத்த வியாபார மண்டியாகட்டும், பில் போடுவது முதல் ஜி.எஸ்.டி. கணக்கு வரை இன்று எல்லாமே கம்ப்யூட்டரில்தான். கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டர் நின்றால் வியாபாரமும் நின்றது என்று பொருள். வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறுவதற்காகவும், வேகத்திற்காகவும் நம்மில் பலர் கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றுகிறோம். சிக்கனமான வழிதான். ஆனால் மாற்றிய சில நாட்களில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகிறது, தானாக அணைந்து எழுகிறது, நீலத் திரையோ கறுப்புத் திரையோ வந்து நிற்கிறது என்ற குறையும் வருகிறது. சர்வீஸ் செய்பவர் முதலில் ரேமை மாற்றுவார், பிறகு ஹார்டு டிஸ்க்கை மாற்றுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பில் வரும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

புது பிராசசர் போலி என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் குறை அதைச் சுற்றியுள்ள பொருள்களில்தான் இருக்கும். பத்து மூட்டை தாங்கிய பலகையில் இருபது மூட்டை அடுக்கினால், முறிவது மூட்டை அல்ல, பலகைதான். உதாரணமாக, இன்டெல் ஐ3-12100 பிராசசர் அதிகபட்சமாக 89 வாட் இழுக்கும். அதே மதர்போர்டில் ஐ7-12700 போட்டால் 180 வாட் வரை இழுக்கும். சூடும் அதற்கேற்பக் கூடும்.

எதையும் தொடுமுன் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். பில் பதிவாகும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்தால் கணக்குக் கோப்பே கெட்டுப்போகலாம். ஆகவே பென் டிரைவில் பேக்கப் எடுத்து, அது வேறு கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், பிராசசரை மாற்றிய பின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். மாற்றுவதற்கு முன்பே அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாவிட்டால் கணக்கு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இனி, வரிசையாகப் பார்க்க வேண்டியவை:

1. சூடு. பிராசசர் மேல் உள்ள ஃபேன் நான்கு மூலையிலும் இறுகியிருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவினார்களா என்று கேளுங்கள். பழைய சிறிய ஃபேனையே மாட்டியிருந்தால் போதாமல் போகலாம். வேலை நேரத்தில் சூடு 95, 100 டிகிரியைத் தொட்டால் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் ஏறினால் அணைந்துவிடும். மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் நம் கடைகளில் ஃபேன் சீக்கிரம் அடைபடும். எங்கள் மண்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து தூசி தட்டுகிறோம்.

2. பயாஸ். இது மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள். புதிய பிராசசரை அது அறிந்திருக்க வேண்டும். மதர்போர்டு கம்பெனியின் பட்டியலில் நம் பிராசசர் இருக்கிறதா, எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்துவது மட்டும் போதாது. இன்டெல் 7, 8-ஆம் தலைமுறை இரண்டுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்.ஜி.ஏ. 1151-தான், ஆனால் 7-ஆம் தலைமுறைக்கான போர்டு 8-ஆம் தலைமுறையை ஏற்காது. பயாஸை மாற்றும்போது கரன்ட் போகக் கூடாது, யு.பி.எஸ். அவசியம்.

3. ரேம். கழற்றி மாட்டியதில் சரியாக உட்காராமல் இருக்கலாம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேகக் கூட்டல் இருந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸிலேயே ரேமைச் சோதிக்கும் மெமரி டயக்னாஸ்டிக் வசதி இருக்கிறது; இரவு கடை மூடும்போது ஓடவிடலாம்.

4. எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். மேலே 450 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் மலிவு எஸ்.எம்.பி.எஸ். அவ்வளவு தராது. குறை எடைக்கல்லைப் போன்றது அது. யு.பி.எஸ்.ஸும் அப்படியே: 600 வி.ஏ. என்றால் 600 வாட் அல்ல, பல மாடல்களில் 360 வாட்தான். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு இருந்தால், முறையாக மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றது என்று அர்த்தம். அதே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் மின்சாரப் பக்கத்தையும் சூட்டையும் முதலில் பாருங்கள்.

5. பிராசசர். இவை எல்லாம் சரியென்றான பிறகே இதன் மேல் சந்தேகப்பட வேண்டும். அப்படியும் ஒரு உண்மை வழக்கு உண்டு. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9 மற்றும் சில ஐ5 டெஸ்க்டாப் பிராசசர்களில், அளவுக்கு மீறிய வோல்டேஜால் கோளாறு வருவதை 2024-இல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டில் பயாஸ் வழியாக வந்தது. பெட்டியோடு வாங்கியவற்றுக்கு மூன்று ஆண்டு வாரன்டியை ஐந்தாக உயர்த்தினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. ஆகவே இவ்வகையைப் பழையதாக, பில் இல்லாமல் மலிவாகக் கொடுத்தால் வாங்காதிருப்பதே நல்லது.

முக்கியமாக ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். ஐந்தொகை ஒத்துப்போகாவிட்டால் நாம் பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதில்லை. ஒவ்வொரு பதிவாக டிக் அடித்து வருகிறோம். இதுவும் அப்படித்தான். ஒன்றை மாற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், எது குற்றவாளி என்று தானே தெரிந்துவிடும்.

பழைய பிராசசரை எக்ஸ்சேஞ்சில் உடனே கொடுத்துவிடவும் கூடாது. ஒரு மாதமாவது கையில் இருக்கட்டும். அதைத் திரும்ப மாட்டியதும் கோளாறு நின்றால், குறை புது பிராசசரிலோ அதற்குப் போதாத பயாஸ், ஃபேன், கரன்டிலோ இருக்கிறது. அப்போதும் தொடர்ந்தால் புது பிராசசர் பெரும்பாலும் நிரபராதி. தீபாவளிக் கூட்டத்தில் புதியது நின்றால் பழையதைப் போட்டுக்கொண்டு கல்லாவை ஓட்டவும் முடியும்.

சரக்கை எடைபோட்டு, மாதிரி பார்த்து வாங்கும் நாம், இதையும் அப்படியே பார்த்து வாங்குவோம்: பில்லோடு, வாரன்டியோடு, பண்டிகைக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக.