காளையோடு பிறந்த கிடேரி

பசு இரட்டைக் கன்று ஈனுவது அபூர்வம். அவ்விரண்டில் ஒன்று காளையாகவும் மற்றொன்று கிடேரியாகவும் அமைந்துவிட்டால், அக்கிடேரி நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலாக மலடாகவே நின்றுவிடும் என்பதை ஐரோப்பிய மாட்டுக்காரர்கள் வெகுகாலமாக அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் 'ஃபிரீமார்ட்டின்' என்றழைத்த அந்தப் பிராணியை அறுத்து ஆராய்ந்து, 1779-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் விவரித்தவர் ஜான் ஹண்டர் என்ற சத்திர வைத்தியர். காரணம் அவருக்கும் எட்டவில்லை.

காரணம் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். அதில் முதல் நாற்பது நாள் அளவும், சிசுவின் இனச்சுரப்பி விரையாகுமா சூலகமாகுமா என்று பார்வைக்குத் தெரியாது; ஆணுக்குரிய உல்ஃபியன் நாளமும், கருப்பையாக வேண்டிய மூல்லேரியன் நாளமும், இருவகை வீட்டுக்கும் சேர்த்து இறக்கிவைத்த மரச்சாமான்போல, எல்லாச் சிசுக்களிடமும் அருகருகே கிடக்கும். ஆண் சிசுவிலோ விரை முந்திக்கொண்டு உருவாகி, மூல்லேரியன் நாளத்தைக் கரைக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. தன் உடலுக்கென்று சுரந்த அது, இரு சிசுக்களின் நஞ்சுக்கொடிகளும் அதற்கு முன்பே ஒட்டி இரத்தக்குழாய்கள் கலந்துவிட்டபடியால், தங்கையின் உடலிலும் பாய்ந்து, அவளுடைய கருப்பை வளராமலும் சூலகம் முதிராமலும் செய்துவிடுகிறது. காளைக்கன்றுக்கோ பெரும்பாலும் குறையொன்றுமில்லை! இரட்டைக்குட்டி சகஜமாக ஈனும் ஆட்டுக்கு இத்தொல்லை அரிதாக இருப்பதும், அங்கே குழாய்கள் பெரும்பாலும் கலவாமையால்தான்.

இரத்தக் கலப்பே இதற்கு மூலம் என்று 1911-இல் வியன்னாவில் டாண்ட்லரும் கெல்லரும் சொன்னார்கள். சிகாகோ இறைச்சிக்கூடங்களில் கிடைத்த கர்ப்பப்பைகளை ஆராய்ந்து 1916-இல் அதையே சொன்ன ஃபிராங்க் லில்லிக்குத்தான் புகழ் சேர்ந்தது. இது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

1945-இல் ரே ஓவன் இதனினும் விசித்திரமான ஒன்றைக் கண்டார்: இத்தகைய இரட்டையர் வளர்ந்த பின்னும், ஒவ்வொன்றின் உடலிலும் மற்றதன் இரத்த அணுக்கள் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தன. அந்நிய அணுவைச் சிசுப்பருவத்திலேயே சந்தித்த உடல், பின்னர் அதனை எதிர்ப்பதில்லை என்னும் கருத்து இதிலிருந்து கிளைத்தது. அதனைப் பரிசோதனையால் நிலைநாட்டிய மெடவாரும், முன்னரே ஊகித்த பர்னெட்டும் 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மாடு வாங்குவோருக்கு வேண்டியது வேறு. இக்கிடேரியின் யோனிக்குழி மிகக் குட்டையாக இருக்குமாதலால், மழுங்கிய முனையுள்ள குழாயொன்றை மெல்லச் செலுத்தி, வைத்தியர் இளங்கன்றிலேயே அதை இனங்கண்டுவிடுகிறார்.