புழுதி விதைப்புக்கு முன் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு சராசரி மழை சுமார் 827 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. அதனால்தான் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். சிறு மழையில் விதை முளைத்து, அடுத்த மழை தள்ளிப்போனால் பயிர் கருகிவிடும். மறுபடி விதைக்க விதைக்கும் உழவுக்கும் இரட்டைச் செலவு, பருவமும் கடந்துவிடும்.

வானிலை அறிவிப்பு ஒரு பகுதி முழுவதற்கும் பொதுவானது. உங்கள் வயலில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எங்கே உவர் பூக்கும் என்பது அதில் வராது. அதே மண்ணில் நாற்பது, ஐம்பது பருவம் விதைத்த பெரியவர்களுக்குத்தான் அது தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும், தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் நல்ல பழங்களைப் பார்த்துப் பொறுக்கி விதை எடுத்து வந்ததால் நிலைத்ததுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. முதல் மழையை நம்பி ஏமாந்த ஆண்டுகள் எவை? அப்போது எந்த வயல் தப்பியது, ஏன் தப்பியது?

2. கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? கடைமடைக்கு எத்தனை நாளில் வந்து சேரும்?

3. உவர் நிலத்தில் எந்த ரகம் தாங்கியது? குழியடிச்சான், சித்திரைக்கார் போன்ற ரகங்களை அவர்கள் எந்த வயலில், எப்போது விதைத்தார்கள்?

4. விதையை எவ்வளவு ஆழத்தில் மூடினார்கள்? 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் விழுந்த விதை, மண் நன்றாக நனைந்த பிறகே முளைக்கும். மேலாகக் கிடக்கும் விதை சிறு தூறலுக்கே முளைத்துவிடும்.

சரிபார்க்க வேண்டியவை

அனுபவம் நடந்ததைச் சொல்லும். இப்போது மாறியிருப்பதைச் சொல்லாது. அன்று நல்ல தண்ணீர் தந்த கிணறு இன்று உப்பாகியிருக்கலாம். தூர்ந்த கண்மாய் அன்றைய அளவு தண்ணீரைப் பிடிக்காது. ஆகவே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனை செய்யுங்கள். வானிலை அறிவிப்பையும் பாருங்கள். உவர் பிரச்சினைக்கு ராமநாதபுரம் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தையும், ரகத் தேர்வுக்குப் பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். புது ரகமோ பழைய ரகமோ, முதலில் சிறு பகுதியில் விதைத்துப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு பரப்பைக் கூட்டுங்கள்.

விதையைக் கடினப்படுத்துவதும் வறட்சியைத் தாங்க உதவும். 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்து, அதில் 10 கிலோ விதையை 16 மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதையுங்கள்.

எழுதி வையுங்கள்

பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு என்று வேலைக்குப் போய்விட்ட வீடுகளில், பெரியவர் காலமானால் அந்த வயலின் கதையும் அவரோடு போய்விடுகிறது. ஒரு நோட்டில் வயலின் பெயர், விதைத்த தேதி, முதல் மழை, ரகம், கிடைத்த மூட்டை ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வாருங்கள். வீட்டு அம்மாக்களிடமும் கேளுங்கள். களையெடுத்தும் விதை சேமித்தும் பழகிய அவர்களுக்கு விதையின் குணம் நன்றாகத் தெரியும்.

இந்தப் பருவ உழவுக்கு முன் ஒரு மாலை, பெரியவர் ஒருவரை வயலுக்கு அழைத்துப் போய் வரப்பில் நடந்தபடியே கேளுங்கள். இடத்தைப் பார்த்தால்தான் பழையது நினைவுக்கு வரும்.