காப்பி நிழலில் பறவைகளின் வண்ணக் கணக்கு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வருபவர்கள் ஏரியையும் பகோடா முனையையும் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். நாகலூர்ப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் காப்பித் தோட்டங்கள் வந்துவிடும். உயரத்தில் சில்வர் ஓக், பலா. அவற்றின் மேல் படரும் மிளகுக்கொடி. அடியில் காப்பிச் செடி. காலை எட்டு மணி வாக்கில் மின்சிட்டுக் கூட்டம் ஒன்று பூச்சி தேடிக்கொண்டே உச்சிக்கிளைகளைக் கடந்துபோகும். இலை மறைவில் இருக்கும்வரை அதில் எது ஆண், எது பெண் என்றே சொல்ல முடியாது. இலைகளின் ஊடாக வெயில் விழும் ஒரு திட்டுக்குள் ஆண் தாவும்போதுதான் மார்பின் ஆரஞ்சு பளீரென்று தெரியும். அடுத்த தாவலில் மீண்டும் காணோம்.

பறவையின் நிறம் என்றால் அது இறகின் மேல் பூசியிருக்கும் ஒன்று என்று எண்ணிக்கொள்கிறோம். பாதிதான் உண்மை. மீதிப் பாதி அந்த இறகின் மேல் விழும் வெளிச்சத்தில் இருக்கிறது.

இதை அளந்து காட்டியவர் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர். காட்டுக்குள் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை அவர் 1993இல் விரிவாக எழுதினார். அடர்ந்த கூரைக்கு அடியில் இலைகளின் வழியே வடிந்து வரும் ஒளி பச்சை சாய்ந்தது. வானம் தெரிந்தும் நேர் வெயில் படாத நிழலில் நீலம் கூடியிருக்கும். சின்ன இடைவெளியில் நேராக விழும் வெயில் திட்டில் மஞ்சளும் சிவப்பும் ஓங்கியிருக்கும். பெரிய திறப்பில், அல்லது மேகம் மூடிய நாளில், வெள்ளொளி. பின்னர் அவரும் மார்க் தெரி என்பவரும் பிரெஞ்சு கயானாவில் மூன்று பறவை இனங்களைக் கவனித்தார்கள். ஆண்கள் பெண்களை மயக்க ஆடும் இடமும் நேரமும் தங்கள் நிறம் எடுப்பாகத் தெரியும் வெளிச்சத்தோடு பொருந்தியிருந்தன. சிறந்த ஒளியில் நின்று காட்டிவிட்டு, மற்ற நேரத்தில் அதே உடையோடு மறைந்திருப்பது அந்தப் பறவைகளுக்குக் கைவந்த கலை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை ஒரு நல்ல ஆய்வுக்கூடம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கி இந்த மலையின் பெரும்பகுதி மனிதன் அளந்து வைத்த நிழலில்தான் இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் நிழல் மரங்களின் கிளையைக் கழிக்கும்போது தோட்டத்தின் வெளிச்சமே மாறிவிடுகிறது. காப்பிக்காகச் செய்கிற வேலைதான்; அதில் பறவைகளின் மேடை விளக்கும் சேர்ந்து மாறுகிறது என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, நிறம் எங்கிருந்து வருகிறது? கறுப்பு, சாம்பல், பழுப்பு எல்லாம் மெலனின் தரும் நிறங்கள். இதைப் பறவை தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். மெலனின் ஏறிய இறகு சீக்கிரம் தேயாது, இறகைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் எளிதில் மசியாது. உடல் முழுக்க வெள்ளையாக இருக்கும் பல பறவைகளுக்கு இறக்கை நுனி மட்டும் கறுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் வேறு வழியில் வருகின்றன. பெரும்பாலும் அவை கரோட்டினாய்டுகள். கேரட்டுக்கும் பப்பாளிக்கும் நிறம் தரும் அதே குடும்பம். பறவையால் இவற்றை உருவாக்க முடியாது, தின்றுதான் சேர்க்க வேண்டும். இலையைப் புழு தின்கிறது, புழுவை மின்சிட்டு தின்கிறது, இலையின் நிறமி மார்புக்கு வந்து சேர்கிறது. மஞ்சளாக உள்ளே போனதைச் சிவப்பாக மாற்றும் ரசாயன வேலை பல பறவைகளில் ஒரே மரபணுவைச் சார்ந்தது என்று 2016இல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒன்று சிவப்பு கேனரிகளை வைத்துச் செய்தது, மற்றது வரிக்குருவிகளை வைத்து. கிளிகள் மட்டும் இந்த வரிசையில் நிற்பதில்லை. அவற்றின் மஞ்சளும் சிவப்பும் கரோட்டினாய்டு அல்ல. தங்களுக்கென்றே தனி நிறமியை உடலில் செய்துகொள்கின்றன.

இந்த இடத்தில் சாம்பல் காட்டுக்கோழியைச் சொல்லாமல் போக முடியாது. தென்னிந்தியக் காடுகளின் பறவை அது. சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத்துளி விழுந்து உறைந்தாற்போன்ற மஞ்சள் புள்ளிகள் உண்டு; தூண்டிலில் செயற்கைப் பூச்சி கட்டுவதற்காக இந்த இறகுகளைக் கடத்திய காலமும் இருந்தது. நாட்டுக்கோழிகளின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் இறைச்சிக் கடையில் தொங்கும் கோழியின் மஞ்சள் காலுக்கும் தோலுக்கும் காரணமான மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகக் கோழிப் பண்ணைகளுக்குத் தெற்கத்திக் காடு கொடுத்த சீதனம் என்றே சொல்லலாம்.

நீலத்தின் கதை வேறு. பறவை இறகில் நீல நிறமி என்று ஒன்று கிடையாது.

மலையிலிருந்து இறங்கினால் சேலத்துச் சமவெளியில் மின்கம்பிகளில் பனங்காடை உட்கார்ந்திருக்கும். அமர்ந்திருக்கையில் மங்கலான பழுப்பு; பறந்தால் இறக்கையில் இரண்டு வித நீலம் விரியும். கீழே உதிர்ந்த இறகை நசுக்கினால் நீலம் போய்விடுகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் பழுப்புதான். அப்படியானால் நீலம் பொருளில் இல்லை, அதன் அமைப்பில் இருக்கிறது. வானம் நீலமாக இருப்பதற்குச் சொல்லும் காரணத்தையே, அதாவது நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதையே, இதற்கும் பலகாலம் சொல்லி வந்தார்கள்.

அந்த விளக்கத்தைச் சந்தேகித்தவர் யார் தெரியுமா? திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். கடலின் நீலத்துக்கு ஒளிச்சிதறலைக் காரணம் காட்டியவர், சிதறலுக்காகவே 1930இல் நோபல் பரிசு வாங்கியவர். பெங்களூரில் தாம் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில், அதன் முதல் தொகுதியிலேயே, 1934இல் பறவை இறகுகளின் நிறம் பற்றி எழுதினார். கையில் எடுத்துக்கொண்டது பனங்காடை. வெறும் சிதறல் மட்டும் இந்த நீலத்தை விளக்கப் போதாது, ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதற்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். சோப்புக்குமிழியில் நிறம் வருவதும் குறுக்கீட்டால்தான். தன் பெயரை நிலைநாட்டிய கருத்தையே தேவையான இடத்தில் ஒதுக்கி வைக்கத் துணிந்தார் என்பதுதான் இதில் ரசிக்க வேண்டியது.

ராமன் பக்கம் நியாயம் இருந்தது என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1998இல் ரிச்சர்ட் பிரம் குழுவினர் தென்னமெரிக்கப் பறவை ஒன்றின் நீல இறகை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துக் கணக்கிட்டார்கள். இறகுக் கிளையின் உள்ளே கெராட்டினும் காற்றறைகளும் கலந்த பஞ்சு போன்ற அடுக்கு. அறைகள் தாறுமாறாகத் தெரிந்தாலும் அவற்றின் அளவும் இடைவெளியும் ஒரு சீரில் இருக்கின்றன. நீல அலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று துணைசேர்ந்து வெளியே வருகின்றன. அடியில் இருக்கும் மெலனின் மற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. பச்சைக்கிளிகளின் பச்சையும் அநேகமாக இப்படிப்பட்ட நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி சேர்ந்ததுதான்.

இத்தனை செலவும் எதற்கு? இந்தக் கேள்வியில்தான் டார்வினும் வாலஸும் பிரிந்தார்கள். பெண் தேர்ந்தெடுப்பதால் ஆணின் அழகு தலைமுறைதோறும் கூடுகிறது என்று டார்வின் 1871இல் எழுதினார். பெண்ணின் ரசனையில் வாலஸுக்கு நம்பிக்கை இல்லை. அவர் கூட்டைப் பார்த்தார். திறந்த கூட்டில் அடைகாக்கும் பெண் மங்கலாக இருக்க வேண்டும், பொந்துக்குள் அடைகாக்கும் இனங்களில் பெண்ணும் வண்ணமாக இருக்கலாம் என்பது 1868இல் அவர் சொன்ன கருத்து.

ஏற்காட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நாள் முழுக்கக் குட்ரூ குட்ரூ என்று கத்தும் சின்னக் குக்குறுவான் மேற்கு மலைத்தொடரின் பறவை. கிழக்கே சேர்வராயன், சித்தேரி மலைகள் வரை எட்டியிருக்கிறது. பட்ட மரத்தில் பொந்து குடைந்து முட்டையிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பச்சை. வாலஸ் சொன்னபடியே இருக்கிறது. ஆனால் ஊதாத் தேன்சிட்டைப் பாருங்கள். சிலந்தி நூலால் தொங்கும் பை கட்டி, அதற்குத் தாழ்வாரமும் வைக்கும். கூடு மூடியதுதான். இருந்தும் பெண் மங்கிய மஞ்சள், ஆண் மட்டும் மின்னும் கருநீலம். குக்குறுவானில் பகலில் இருவரும் அடைகாக்கிறார்கள், தேன்சிட்டில் பெண் மட்டுமே. கூட்டின் வடிவத்தைவிட, ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பது முக்கியமோ என்று தோன்றும்.

அந்த முடிவுக்கும் அவசரம் வேண்டாம். குளிர்காலத்தில் இந்தத் தோட்டங்களுக்கு வரும் அரசவால் ஈப்பிடிப்பான் அதையும் கவிழ்த்துவிடுகிறது. கிண்ணம் போன்ற திறந்த கூடு; வெள்ளை உடலும் ஓரடி வரை நீளும் நாடா வாலும் கொண்ட ஆணும் முட்டைமேல் உட்காருகிறது, வால் கூட்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். இளம் ஆண் செம்பழுப்பாக, குட்டை வாலோடு இருக்கும். நீண்ட வால் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வருகிறது. அதன்பின் சில ஆண்கள் வெள்ளையாகின்றன, சில செம்பழுப்பாகவே நிற்கின்றன. இலங்கையில் நிலையாக வாழும் கிளையினத்தில் ஆண் வெள்ளையாவதே இல்லை; அங்கே காணும் வெள்ளைப் பறவை பனிக்காலத்தில் இந்தியாவிலிருந்து போன விருந்தாளி. ஒரு நீரிணையைத் தாண்டியதும் வெள்ளை ஏன் நின்றுபோகிறது என்பதற்கு எந்தக் கோட்பாடும் இன்னும் நிறைவான பதில் தரவில்லை.

முளைத்து முடிந்த இறகு நகத்தைப் போல உயிரற்றது. கிழிந்தாலும் வெளுத்தாலும் அடுத்த இறகுதிர்ப்பு வரை அதுதான். எனவே கரோட்டினாய்டு நிறம், இறகு முளைத்த நாட்களில் பறவை எப்படித் தின்றது, எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தது என்பதற்குச் சான்றிதழ் ஆகிறது. அமெரிக்க வீட்டுச் சிட்டுகளில் சிவப்பு கூடிய ஆண்களையே பெண்கள் விரும்புகின்றன என்று 1991இல் ஜெஃப்ரி ஹில் காட்டியது இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஊதாத் தேன்சிட்டு ஆண் தன் மின்னும் உடையை ஆண்டு முழுக்க மாட்டிக்கொண்டு திரிவதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் மினுக்கைக் கழற்றிவிட்டுப் பெண் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோட்டை மட்டும் வைத்துக்கொள்ளும்.

காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் நிறம் வேண்டும். சருகில் படுத்திருக்கும் பக்கியை மிதிக்கும் தூரம் வரை போனாலும் தெரியாது. பக்கிகள் உள்ளிட்ட தரையில் முட்டையிடும் பறவைகளை ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள்: ஒவ்வொரு பறவையும் தன் சொந்த இறகுக்கோ முட்டைக்கோ நன்றாகப் பொருந்தும் தரையைத் தேர்ந்து உட்காருகிறதாம். அக்காக்குயில் வேறு தந்திரம் செய்கிறது. வயிற்று வரி, வால் பட்டை, பறக்கும் விதம் எல்லாம் வல்லூறைப் போல. தவிட்டுக்குருவிகள் கூட்டில் முட்டையிட வரும் பறவைக்கு இந்த வேடம் உதவாமல் இருக்குமா? இங்கிலாந்தில் குயில் பொம்மையின் வயிற்று வரிகளை மறைத்து வைத்தபோது, நாணல் கதிர்க்குருவிகள் அதை நெருங்கித் தாக்கத் துணிந்தன என்று 2011இல் எழுதினார்கள்.

காட்டிக்கொள்வது, மறைந்துகொள்வது இரண்டையும் ஆறுமணிக்குருவி ஒரே உடம்பில் வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் இந்தக் குளிர்கால விருந்தாளிக்குப் பச்சை முதுகு, மஞ்சள் பழுப்பு மார்பு, சிவந்த அடிவயிறு, தோளில் நீலம். படத்தில் பார்த்தால் ஒளிந்திருக்கவே வழியில்லாத பறவை. காப்பிச் செடிக்கு அடியில் சருகைக் கிளறும்போது அதைக் கண்டுபிடிக்கப் படும் பாட்டைத் தேடியவர்கள் அறிவார்கள். சிவப்பு அடியில் மறைந்திருக்கும், பச்சை முதுகு பச்சை ஒளியில் கரையும். எழும்பிப் பறந்தால்தான் இறக்கையின் வெள்ளைப் புள்ளி பளிச்சிடும்.

நாம் காண்பதே முழு நிறமும் அல்ல. மனிதக் கண்ணில் நிறமறியும் கூம்பு மூன்று வகை, பறவைக்கு நான்கு. பல பறவைகளுக்குப் புற ஊதாவும் தெரியும். நமக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகத் தோன்றும் பல இனங்கள் அவற்றின் கண்ணுக்கு வேறு வேறு.

1929–30இல் வெர்னே ஆய்வுக்குழு கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பறவைகளைச் சேகரித்தபோது சேர்வராயன் மலையும் அதில் இருந்தது. முடிவுகளை விஸ்லரும் கின்னியரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வெளியிட்டார்கள். அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும் பதப்படுத்திய தோல் நிறமியைச் சொல்லும், அது எந்த வெளிச்சத்தில் நின்றது என்பதைச் சொல்லாது. இந்த மலையின் மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு அந்த வெளிச்சம்தான் முக்கியம். தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய, அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடியதாகப் பட்டியலிடப்பட்ட இந்தப் பறவை காப்பி நிழலுக்குள் வருவதில்லை. பாறையும் புதரும் மண்டிய வெயில் சரிவுகளே அதன் இடம். சாம்பல் பச்சை உடல் பாறையோடு கலந்துவிட, தொண்டையும் வாலடியும் மட்டும் மஞ்சளாகத் தனித்துத் தெரியும். கிரானைட் குவாரிகளுக்காக முதலில் வெட்டப்படுவதும் இப்படிப்பட்ட சரிவுகள்தான்.