விடை வந்துவிட்டது, சரிபார்த்தோமா?

ராயபுரம் சாலைகளில் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் கன்டெய்னர் ஒவ்வொன்றின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முன்னுள்ள பத்துக் குறியீடுகளைக் கொண்டு ஒரு கணக்கின் வழியே அது பெறப்படுகிறது. எண்ணைப் பதிவுசெய்பவர் ஓரிடத்தில் தவறினால், பெரும்பாலும் கடைசி இலக்கம் பொருந்தாமல் போய்ப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே கன்டெய்னர்களைப் பற்றிய அன்றாட அறிக்கைகள் தயாராகும் எக்செல் விரிதாளில் இத்தகைய பாதுகாப்பு தானாக அமைவதில்லை. வடசென்னையின் சரக்கு முகவர் அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் வேலை தேடும் இளைஞர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ‘வி-லுக்அப் தெரியுமா, பிவட் டேபிள் போடத் தெரியுமா’ என்ற கேள்வியை அவர்கள் நேர்காணலில் எதிர்கொள்கிறார்கள். அவற்றைக் கற்றுத்தரும் காணொளிகளுக்கும் குறுகியகாலப் பயிற்சிகளுக்கும் குறைவில்லை. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவை விடையை வரவழைக்கும் வழியோடு நின்றுவிடுகின்றன. வந்த விடை சரியா என்று அறியும் வழி விடுபட்டுப்போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பட்டியலிலுள்ள கன்டெய்னர் எண்ணைக் கொண்டு, மற்றொரு பட்டியலிலிருந்து அது வந்திறங்கிய நாளை எடுத்துத் தருவது வி-லுக்அப். அதற்கு நான்கு உள்ளீடுகள் உண்டு. நான்காவதைக் குறிப்பிடாமல் விட்டால், தோராயமான பொருத்தமே போதும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. தேடிய எண் பட்டியலில் இல்லாவிட்டால், ‘இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக வேறொரு கன்டெய்னருக்குரிய நாளைத் தந்துவிடலாம். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால், இருக்கும் எண்ணுக்கே தவறான நாள் வரக்கூடும். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. துறைமுகத்தில் கட்டணமில்லா நாள்கள் கழிந்தபின் ஒவ்வொரு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். நாள் தவறினால் அந்தச் செலவு நிறுவனத்துக்கு. பழியோ அறிக்கை தயாரித்த கடைநிலை ஊழியருக்கு.

ஓசையின்றி நேரும் பிழைகள் இன்னும் உள்ளன. எண்போலத் தோன்றினும் எழுத்தாகப் பதிவாகியிருக்கும் கட்டங்களைக் கூட்டல் சூத்திரம் சேர்ப்பதில்லை. மூலத் தரவை மாற்றினாலும், புதுப்பிக்கும்வரை பிவட் டேபிள் பழைய தொகையையே காட்டிக்கொண்டிருக்கும். 05/06 என்பது நமக்கு ஜூன் 5; அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிக்கு மே 6.

இவை புதியவர்களுக்கு மட்டுமே நேர்பவை என்று கருத வேண்டாம். ஹார்வர்டு பொருளியலறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட கட்டுரை, பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்றது. அரசுகளின் செலவுக் குறைப்பை ஆதரித்தவர்கள் அதைச் சான்றாகக் காட்டினர். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அந்த விரிதாளைப் பெற்றுப் பார்த்தபோது, சராசரிச் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டது தெரியவந்தது. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதையும் நாடுகளுக்கு எடையிட்ட முறையையும் சேர்த்துத் திருத்தியபின் அவரும் அவருடைய பேராசிரியர்களும் பெற்ற விடை 2.2 விழுக்காடு.

2020இல் இங்கிலாந்தில், ஏறத்தாழ 65,000 வரிசைகளை மட்டுமே தாங்கும் பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. அவர்களுடன் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறியும் பணி தாமதமானது.

எனவே உயர்நிலைச் சூத்திரங்களைக் கற்பிக்கும்போதே சரிபார்ப்பையும் பாடமாக்க வேண்டும் என்பது என் கருத்து. மூலத் தரவை ஒரு தாளில் மாற்றாமல் வைத்து, கணக்கை வேறொரு தாளில் செய்ய வேண்டும். மூலத்தில் எத்தனை வரிசைகளோ, அத்தனையும் அறிக்கையில் கணக்கில் வந்தனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மொத்தத் தொகையை இரு வேறு வழிகளில் பெற்று, வேறுபாடு பூஜ்யமா எனக் காட்டும் ஒரு கட்டத்தை அறிக்கையிலேயே அமைக்க வேண்டும். மாதத்தை எழுத்தில் காட்டும் வகையில் தேதியை அமைப்பது நல்லது. வி-லுக்அப்பில் துல்லியப் பொருத்தத்தையே கேட்க வேண்டும். புதிய எக்ஸ்-லுக்அப் இயல்பாகவே அப்படித்தான் இயங்குகிறது. சொந்தமாக எக்செல் வாங்க இயலாதவர்கள், கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பழகலாம்.

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்துள்ளது. இத்தகைய பயிற்சிகளின் தேர்வில், வேண்டுமென்றே பிழைகள் பொதிந்த ஒரு விரிதாளை மாணவரிடம் கொடுத்து அவற்றைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரையும் அது இயங்கும் முறையை அறிந்தவரையும் அந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும். பதிவு வேலை வேகமாக இயந்திரத்தின் வசம் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. ‘இந்த எண் எப்படி வந்தது’ என்று மேலாளர் கேட்கும்போது விளக்கத் தெரிந்த இளைஞருக்கே ஊதியமும் மதிப்பும் உயரும்.