முப்பது மடங்குக்கு இவ்வளவு பாடா?

அட்டாளைச்சேனையில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளையிடம், “30 மடங்கு பெருப்பிக்கும் நுணுக்குக்காட்டி செய்திருக்கிறார்கள்” என்று சொன்னால் சிரிக்கும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தூசி படிந்து கிடப்பதே 400 மடங்கு காட்டும். ஆனாலும் 2016இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பியேத்ரோ முசுமெச்சியின் குழு காட்டிய அந்த 30 மடங்கு பெரிய விஷயம்தான். ஒரேயொரு இலத்திரன் துடிப்பில், செக்கனின் இலட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள், எடுத்த படம் அது. எர்ன்ஸ்ட் ருஸ்கா 1931இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியைத் தொடங்கியதும் சுமார் 17 மடங்கில்தான். இரண்டே வருடத்தில் ஒளி நுணுக்குக்காட்டியை முந்திவிட்டார்.

எகிப்தில் பிறந்து 1999இல் நோபல் பரிசு பெற்ற அஹ்மத் ஸெவைல், அதிவேக நிகழ்வுகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பிடித்துக் காட்டியவர். அவர் கையாண்ட முறையில் ஒரு துடிப்புக்கு மிகச் சில இலத்திரன்களே. ஒரே நிகழ்வைத் திரும்பத் திரும்ப நடத்தித்தான் படத்தைச் சேர்க்க வேண்டும். லேசர் பட்டு உருகிய உலோகத்தை மறுபடி அதேபோல உருகச் சொல்ல முடியுமா? சரி, ஒரே துடிப்பில் இலட்சக்கணக்கில் அடைப்போம் என்றால், மறையேற்றம் கொண்ட இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளிப் படத்தைக் குலைத்துவிடும். ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடவிட்டால் அந்தத் தள்ளல் பெரிதும் அடங்கும். எனவே முசுமெச்சியின் குழுவினர் 40 இலட்சம் இலத்திரன்வோல்ட் சக்தி கொடுத்தார்கள்.

அடுத்த தலைவலி வில்லை. இலத்திரனை வளைப்பது கண்ணாடியல்ல, காந்தப்புலம். வழக்கமான சுருள் வில்லையின் வலு, இலத்திரனின் உந்தம் கூடக்கூட அதன் வர்க்கத்துக்கு நேர்மாறாக விழும். 2 இலட்சம் இலத்திரன்வோல்ட்டிலிருந்து 40 இலட்சத்துக்குப் போனால் உந்தம் 9 மடங்கு. வலுவோ ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு. ஈடுகட்டப் போனால் வில்லை இரும்பும் செம்புமாக ஊதிவிடும்.

அதற்கு மாற்று, நான்முனைக் காந்தம். அதன் வலு உந்தத்துக்கு நேர்மாறாக மட்டுமே குறையும். வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என நான்கு முனைகள்; நடுவில் புலம் பூச்சியம், விலக விலக ஏறும். ஒரு சிக்கல்: கிடையாகக் குவித்தால் நிலைக்குத்தாக விரிக்கும். ஆகவே திசை மாற்றி மாற்றி மூன்றை வரிசையாக வைத்தார்கள். பழுதான ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தவருக்கு அருமண் காந்தத்தின் வலு தெரியும். இரண்டு ஒட்டிக்கொண்டால் பிரிக்க நகம் போதாது. அந்த இனத்துக் காந்தத் துண்டுகளை கிளவுஸ் ஹால்பாக் வகுத்த ஒழுங்கில் வளையமாக அடுக்கினால், 3.5 மில்லிமீற்றர் துளைக்குள் மீற்றருக்கு 600 டெஸ்லா வரை புலச் சரிவு கிடைக்கும். மையத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலே 0.6 டெஸ்லா! குவியத்தூரம் 1.3 சென்ரிமீற்றருக்கு இறங்கியது.

சுருளென்றால் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இந்த நிலையான காந்தங்களுக்குத் திருகு கிடையாது. காந்தங்களையே நகர்த்திக் குவிக்க வேண்டும். துடிப்பிலுள்ள இலத்திரன்களின் சக்தி சிறிது வேறுபட்டாலும் அவை வெவ்வேறு தூரங்களில் குவிந்து படம் மங்கும். இனி வேலை வில்லையைவிட, ஒரே சக்தியுள்ள இலத்திரன்களை அனுப்பும் துவக்கில்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.