ஸ்வால்பார்ட் என்றால் என்ன அர்த்தம்? ஒரே பெயரில் ஒளிந்திருக்கும் உரிமைக் கதை!

ஆர்க்டிக் பற்றிய செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் ஸ்வால்பார்ட். நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவுக்கூட்டத்தில்தான் உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. ஆனால் 1925-க்கு முன்பு வரை உலகம் இதை 'ஸ்பிட்ஸ்பெர்கன்' என்றுதான் அழைத்தது. அப்போ பெயர் ஏன் மாறியது?

இரண்டு சொல், ஒரு பெயர்

ஸ்வால்பார்ட் ஒரு கூட்டுச்சொல். 'ஸ்வால்' என்றால் குளிர்ந்த. 'பார்ட்' என்றால் விளிம்பு. இரண்டும் சேர்ந்தால் 'குளிர்ந்த விளிம்பு', அதாவது குளிர்ந்த கரை. பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொற்கள் இவை. அதன் வாரிசான ஐஸ்லாந்து மொழியில் தொப்பியின் விளிம்பைக்கூட இன்றும் 'பார்ட்' என்றுதான் சொல்கிறார்கள்.

முதலில் பார்த்தது யார்?

டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் 1596-ல் இங்கே வந்தார். கூர்மையான மலைகளைப் பார்த்து அவர் வைத்த பெயர்தான் ஸ்பிட்ஸ்பெர்கன். இதுவும் கூட்டுச்சொல்தான்: 'கூர் மலைகள்'.

ஆனால் ஐஸ்லாந்தின் பழைய ஆண்டுக் குறிப்புகளில், 1194-லேயே 'ஸ்வால்பார்ட்' கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு பதிவு இருக்கிறது. ஐஸ்லாந்திலிருந்து வடக்கே 4 நாள் கடல் பயணம் என்கிறது இன்னொரு பழைய நூல். அது இதே தீவுதானா, இல்லை கிரீன்லாந்தின் கரையா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

பெயரை மாற்றியது ஏன்?

1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம், இந்தத் தீவுகளை நார்வேக்குக் கொடுத்தது. அதில் இருந்த பெயர் ஸ்பிட்ஸ்பெர்கன்தான். 1925-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது, நார்வே தன் சட்டத்தில் 'ஸ்வால்பார்ட்' என்று எழுதியது. டச்சுப் பெயர் போய் நார்ஸ் பெயர் வந்தால் என்ன லாபம்? 'எங்க முன்னோர் எப்பவோ வந்த இடம் இது' என்று சொல்லாமல் சொல்லிவிடலாம்!

இப்போது ஸ்பிட்ஸ்பெர்கன் என்பது அங்குள்ள பெரிய தீவின் பெயர் மட்டும். ரஷ்யர்களோ மொத்தத் தீவுக்கூட்டத்தையும் இன்றும் பழைய பெயரிலேயே அழைக்கிறார்கள்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளின் மக்களுக்கு அங்கே மீன்பிடிக்க, சுரங்கம் தோண்ட சம உரிமை உண்டு. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. 2008-ல் இந்தியா அங்கே ஆய்வு நிலையம் திறந்தது. அதன் பெயர் 'ஹிமாத்ரி'. ஹிமம், அத்ரி: பனி, மலை. அதுவும் ஒரு கூட்டுச்சொல்தான்!